வாந்தியை முந்தும் ஊசி

புற்றுநோயைக் காட்டிலும் அதற்குக் கொடுக்கும் மருந்துக்கு அஞ்சுவோர் பலர். அந்த அச்சத்தால் சிகிச்சையைப் பாதியிலேயே விட்டுவிடுவோரும் உண்டு. அவர்களை விரட்டுவன குமட்டலும் ஓயாத வாந்தியுமே.

இவ்வாந்தி எவ்வாறு உண்டாகிறது? புற்றுநோய் மருந்து இரத்தத்தில் கலந்ததும், சிறுகுடலின் உட்சுவரிலுள்ள சில செல்கள் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை வெளியிடுகின்றன. பூட்டில் சாவி பொருந்துவதுபோல், அது வேகஸ் நரம்பின் முனைகளிலுள்ள ஏற்பிகளில் பொருந்துகிறது. நரம்பு அச்செய்தியை மூளையின் முகுளப் பகுதிக்குக் கொண்டு செல்கிறது. நஞ்சு புகுந்துவிட்டதாகக் கருதி மூளை வாந்தியைத் தூண்டுகிறது. உடல் தன்னைக் காத்துக்கொள்ளச் செய்யும் செயலே நோயாளியை வதைக்கிறது!

1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற சிஸ்பிளாட்டின் பல புற்றுநோய்களுக்கு நல்ல மருந்தாக விளங்கியது. ஆயினும் தடுப்பு மருந்தின்றி அதைப் பெற்றவர்களில் 100க்கு 90 பேருக்கு மேல் வாந்தி எடுத்தனர். 1991இல் அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற ஒன்டான்செட்ரான் இந்நிலையை மாற்றியது. இது பூட்டைத் திறக்காமல் துளையை மட்டும் அடைத்துக்கொள்ளும் போலிச் சாவியாகும். செரோட்டோனினுக்கு அங்கே இடமில்லை.

துளையை முன்னரே அடைக்க வேண்டும் என்பதால், புற்றுநோய் மருந்துக்குச் சுமார் அரைமணி நேரம் முன்பாக இதனைச் சிரை வழியே செலுத்துகின்றனர். விழுங்கிய மாத்திரை வாந்தியில் வெளியேறிவிடலாம். சிரையில் செலுத்தியது நேரே இரத்தத்தில் கலந்துவிடும். டெக்சாமெத்தசோனையும் சேர்த்துக் கொடுத்தால் பலன் மிகும்.

ஒருநாள் கழிந்தபின் தொடங்கும் வாந்தியும் உண்டு. அதில் 'பொருள் பி' என்னும் வேறொரு வேதிப்பொருளுக்குப் பெரும்பங்கு உண்டு. அதன் பூட்டை அடைக்கும் ஃபாஸ்அப்ரெபிடன்ட் ஊசி 2008இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. இவற்றால் எல்லோருக்கும் முழுப்பயன் கிட்டுவதில்லை. ஒன்டான்செட்ரானால் தலைவலியும் மலச்சிக்கலும் நேரலாம். எனினும் பழைய துன்பத்தோடு ஒப்பிட்டால் இவை சிறியனவே.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவர்கள். உறவிலோ ஊரிலோ யாருக்கேனும் நோய் வந்தால் மருத்துவச் சீட்டை நம்மிடந்தான் நீட்டுவார்கள். அப்போது, "வாந்திக்குப் பயந்து சிகிச்சையை விடாதீர்கள், முன்கூட்டியே தடுக்க மருந்து உண்டு. சென்றமுறை பட்ட துன்பத்தை மறைக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள், அடுத்தமுறை மருந்தை மாற்றித் தருவார்" என்று எடுத்துச் சொல்வோம். நாம் கற்ற அறிவியலுக்கு அதைவிடச் சிறந்த பயன் வேறில்லை.