சுட்ட மணல் இவருக்குத் தெரியவில்லையே!

கடல் அரித்து மணற்கரையே சுருங்கிப்போன ஊர் எங்கள் பிள்ளைச்சாவடி. அதனாலோ என்னவோ, திருச்செந்தூர் பக்கத்துக் குதிரைமொழித் தேரியைப் பார்க்க இவருக்கு ஆசை. இரும்புத் துரு படிந்து சிவந்த மணல்மேடுகள், வெயிலில் ஜொலிக்கின்றன! முந்திரி நிழலில் பழைய புடவையைக் கூடாரமாகக் கட்டினோம். காலையில் ஒரு சின்ன நடை, புளியோதரை, மறுபடி நடை. உச்சி வெயிலில், "பஞ்சு மாதிரி இருக்குடி!" என்று செருப்பைக் கழற்றிவிட்டார்.

திரும்பி வந்து பார்த்தால் உள்ளங்காலெல்லாம் கொப்புளம். "வலிக்கலையே" என்கிறார்! பல வருஷச் சர்க்கரை. கால் நரம்பு மரத்துப்போயிருக்கிறது. கொப்புளத்தை உடைக்காமல், குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி ஊற்றிக் குளிரவைத்து, சுத்தமான துணியைத் தளர்வாகச் சுற்றி, நேரே டாக்டரிடம் ஓடினோம். ஆற ஒரு மாசம் ஆயிற்று.

உங்கள் வீட்டிலும் சர்க்கரைக்காரர் உண்டா? மணலில் செருப்பைக் கழற்ற விடாதீர்கள். நான் தினம் ராத்திரி டார்ச் அடித்து உள்ளங்காலைப் பார்க்கிறேன். இவர் சிரிக்கிறார், சிரிக்கட்டுமே!