நிற்க மறுத்த வண்டி

யானையைக் கட்டித் தீனி போடுதல் என்று ஒரு வழக்கு நம்மிடையே உண்டு. ஆண்டுதோறும் எசல பெரஹராவில் யானைகள் அணிவகுக்கும் கண்டி மாநகரில் வாழ்வோர்க்கு அவ்வழக்கின் பொருளை எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற ஒருவன், தன் ஓய்வுக் கொடையில் மூன்றிலொரு பங்கைக் கொடுத்து, நாற்பதாண்டை நெருங்கிய ஜெர்மானியக் கார் ஒன்றை வாங்கினால் அவன் இல்லாள் வேறு என்ன சொல்வாள்? 2018 ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில் என் மனைவி சொன்னதும் அதுவே. "யானைக்காவது கோயிலில் வேலை கிடைக்கும்" என்று ஒரு வார்த்தையும் கூடச் சேர்த்தாள்.

நான் வாங்கியது மெர்சிடிஸ் பென்ஸ் 240 டி என்னும் டீசல் கார். 1981 இல் செய்யப்பட்டது. அந்த வயதில் எனக்கு அந்த ஆசை ஏன் வந்தது என்பதைச் சொல்ல வேண்டுமாயின், கலஹாவுக்கு அப்பாலுள்ள ஒரு தோட்டத்திற்கு வாசகர்களை அழைத்துச் செல்ல வேண்டும். 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் 19 ஏக்கரிலே தேயிலை பயிரிட்டாரன்றோ? அம்மலைத் தொடரின் மடிப்பொன்றில் எங்கள் லயம் இருந்தது. என் தாய் அங்கே கொழுந்து பறித்தவர்.

அக்காலத்தில் துரையின் கார் வரும் ஓசை கேட்டால், தோட்டத்து வீதியில் செல்வோர் ஓரத்து வடிகானில் இறங்கி நிற்பார்கள். மழை கொட்டினாலும் குடையை மடக்குவார்கள். ஆடவர் தலைத் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்குவர். இவ்வாறு செய்க என எங்கும் எழுதி வைக்கப்படவில்லை. எழுதாமலே எல்லோரும் அறிந்திருந்தனர். எங்கள் துரையிடம் இருந்தது, பின்புறத்தில் மீனின் துடுப்புப்போல் இரு தகடுகள் எழுந்த பென்ஸ் கார். அதன் முகப்பில் நின்ற மூன்று கதிர் விண்மீனை வடிகானில் நின்றபடி எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நிலம், நீர், வானம் என்னும் மூன்றிலும் தங்கள் இயந்திரம் ஓட வேண்டுமென்ற விருப்பத்தின் குறி அது என்று பின்னாளில் நூலொன்றில் படித்தேன். சிறுவனாகிய எனக்கோ, இறங்கி நில் என்பது தவிர வேறொரு பொருளையும் அது சொல்லவில்லை. 1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை தம் நாடு திரும்பினார். விண்மீன் மட்டும் என் நினைவில் தங்கிவிட்டது.

கார் பார்க்கச் சென்ற நாளில் கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த பாஸ் ஒருவரை உடன் அழைத்துச் சென்றேன். அவர் இயந்திரத்தின் பக்கம் திரும்பவேயில்லை. நேரே தரையில் ஒரு சாக்கை விரித்துப் படுத்து, கதவுகளுக்குக் கீழுள்ள தகட்டை விரலால் தட்டிக்கொண்டே சென்றார். பின் சட்டைப்பையிலிருந்து சிறு காந்தத்தை எடுத்து உடலெங்கும் வைத்துப் பார்த்தார். துருவை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் காந்தம் ஒட்டாது. முன் கண்ணாடியைச் சுற்றிய ரப்பரின் அடி, பற்றரி இருக்கும் தட்டு, சில்லுகளுக்கு மேலுள்ள வளைவு ஆகியவற்றில் கண்டி மழை ஆண்டுக்கணக்கில் தேங்கி அரித்துவிடும் என்றார். "எஞ்சின் செத்தால் உயிர் கொடுக்கலாம் சேர், தகடு செத்தால் மண்ணுக்குத்தான்." பழைய கார் வாங்க நினைப்போர்க்கு இதனினும் சிறந்த உபதேசத்தை நான் அறியேன்.

அவர் கூற்றின் முற்பகுதி மிகையன்று. 1976 இல் அறிமுகமான இவ்வகைக் கார், பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ 27 இலட்சம் உருவாக்கப்பட்டது. ஜெர்மனியிலே செல்வர் வீட்டு வாயிலிலும் அது நின்றது. டாக்சித் தரிப்பிடத்திலும் நின்றது. இதற்கு முந்திய தலைமுறையைச் சேர்ந்த 240 டி ஒன்றைக் கிரேக்க நாட்டு டாக்சிச் சாரதி ஒருவர் 46 இலட்சம் கிலோமீற்றர் ஓட்டி, 2004 இல் அந்நிறுவனத்தின் அருங்காட்சியகத்திற்கே அளித்தார்.

ஆயினும் வேகத்தை எதிர்பார்ப்பவர் இக்காரை நாடுதல் வீண். என் காரின் வலு 72 குதிரை மட்டுமே. 1820களில் கப்டன் டோசன் வகுத்த கடுகண்ணாவை ஏற்றத்தில் அது பெருமூச்செறிந்து ஏறும்போது, முச்சக்கர வண்டிகளும் முந்திச் செல்லும். அவ்வேளைகளில் நான் பேர்த்தா பென்ஸ் அம்மையாரை நினைத்துக்கொள்வேன். கணவர் கார்ல் பென்ஸ் 1886 இல் காப்புரிமை பெற்ற மோட்டார் வண்டியை விலைகொடுத்து வாங்குவார் அருகியிருந்த காலம் அது. 1888 ஆவணியில் அவ்வம்மையார் கணவரிடம் சொல்லாமல், இரு மைந்தரை ஏற்றிக்கொண்டு, மன்ஹைமிலிருந்து போர்ஸ்ஹைம் வரை 106 கிலோமீற்றர் ஓட்டிச் சென்றார். கொழும்பிலிருந்து கண்டிக்கு வரும் தூரத்தினின்றும் சிறிதே குறைவு. வழியில் எரிபொருளை மருந்துக் கடையில் வாங்கினார். அடைபட்ட குழாயைத் தம் தொப்பி ஊசியால் குத்தித் திறந்தார். தேய்ந்த தடைக் கட்டைக்குச் செருப்புத் தைப்பவரைக் கொண்டு தோல் பதித்தார். ஏற்றங்களில் மைந்தர்கள் இறங்கித் தள்ளினர். அவர் கண்ட குறையின் பயனாகவே பின்னர் ஏற்றத்திற்கென ஒரு கியர் சேர்க்கப்பட்டது. பழுது பார்த்தபடியே பயணம் செய்வது பழைய கார்க்காரரின் விதி என்றால், அவ்விதி முதல் நெடும் பயணத்திலேயே எழுதப்பட்டுவிட்டது.

அவ்விதியை நானும் அனுபவித்தேன். உதிரிப்பாகங்களுக்காகக் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கினேன். 2022 இல் எரிபொருள் கிட்டாத நாட்களில் கார் பல வாரம் முற்றத்திலேயே உறங்கியது, பின் கியூ.ஆர். அட்டையில் வாரத்திற்கு 20 லீற்றர் கிடைத்தது. 2020 முதல் வாகன இறக்குமதி தடைப்பட்டிருந்தமையால் பழைய கார்களின் விலை ஏறியது. நான் கொடுத்ததைப்போல் இருமடங்கு தருவதாக ஒருவர் வந்தார். "கொடுத்து விடுங்கள், கூரையையாவது மாற்றலாம்" என்றாள் மனைவி. அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவை ஒருமுறை தோட்டத்துக்கு அழைத்துப் போய்வந்தபின் கொடுத்து விடுவதாக ஒப்புக்கொண்டேன்.

அது ஐப்பசி மாதம். மழை விடாமல் பெய்தது. எண்பதைக் கடந்த என் தாய் பின்னிருக்கையில் அமர்ந்திருந்தார். தோட்டத்து வீதியின் வளைவொன்றில், குடை பிடித்தபடி ஒரு மூதாட்டி முன்னே நடந்து சென்றார். எங்கள் வண்டியின் ஓசை கேட்டதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை. வடிகானில் இறங்கினார். குடையை மடக்கினார்.

நான் காரை நிறுத்தினேன். அம்மா கண்ணாடியை இறக்கி, "குடையை விரிடி! நம்ம பயதான்" என்று கூவினார். மூதாட்டி குடையை விரித்தார். வடிகானை விட்டு ஏறவில்லை. இயந்திரத்தை அணைக்கச் சாவியைத் திருப்பினேன். அது அணையவில்லை.

டீசல் இயந்திரத்தில் பெற்றோல் இயந்திரத்தைப்போல் தீப்பொறி இல்லை. எரிபொருளை மறித்தால்தான் அது நிற்கும். இக்காரில் அவ்வேலையைச் செய்வது காற்றை உறிஞ்சும் மெல்லிய குழாய்த் தொகுதி. கதவுப் பூட்டுகளையும் அதுவே இயக்குகிறது. முதுமையால் ஏதேனுமொரு ரப்பர் குழாய் வெடித்துவிட்டால், சாவியைக் கையில் எடுத்த பின்னும் இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். "துரை வண்டியும் இப்படித்தான். நிக்கவே நிக்காது" என்றார் அம்மா.

மழையில் இறங்கி, முன்மூடியைத் திறந்து, இயந்திரத்தின் மேலிருந்த நிறுத்து விசையைக் கையால் அழுத்தினேன். ஓசை அடங்கியது. அதன் பின்னரே மூதாட்டி வடிகானிலிருந்து ஏறி வந்தார். நனைந்த சேலையோடு உள்ளே அமரக் கூசினார். அம்மா கைபற்றி இழுத்து அருகில் இருத்திக்கொண்டார். லயம் வரை இருவரும் பழங்கதை பேசி வந்தனர். அவர் இறங்கிய பின் இருக்கையில் தேங்கியிருந்த நீரைத் துடைக்க எனக்கு மனம் வரவில்லை.

வாங்க வந்தவருக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். மனைவி இன்னும் கூரையைச் சுட்டிக் காட்டுகிறாள். அவளுக்கு நான் கடன்பட்டவனே. வெடித்த குழாயைப் பாஸ் மறுவாரமே மாற்றிவிட்டார். இப்போது சாவியைத் திருப்பியதும் கார் நிற்கிறது. தோட்டத்து வீதியில் தொலைவில் ஒரு குடை தெரிந்தால், ஓசை அவர் செவியில் விழுமுன்னே இயந்திரத்தை அணைத்துவிட்டு, அவர் கடந்து போகும்வரை ஓரத்தில் காத்திருக்கிறேன்.