அன்புள்ள பாட்டிக்கு...

தில்லியில் வளரும் தமிழ்க் குழந்தைகளுக்குத் தாய்மொழி வாயோடு நின்றுவிடுகிறது. அதைக் கைக்குக் கொண்டுவர எளிய வழி, ஒரு கடிதம்.

முனிர்கா டி.டி.ஏ. குடியிருப்பில் வளரும் தமிழ்க் குழந்தைக்குப் பொதுவாக மூன்று மொழிகள். பள்ளியில் ஆங்கிலம், விளையாட்டில் இந்தி, வீட்டில் தமிழ். முதல் இரண்டையும் எழுதத் தெரியும். மூன்றாவது பெரும்பாலும் பேச்சோடு சரி. பக்கத்து ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. கழகம் தலைநகரில் நடத்தும் ஏழு பள்ளிகளில் அதுவும் ஒன்று. அங்கே தமிழ் ஒரு பாடம். தமிழ் இல்லாத பள்ளிகளில் படிக்கும் குழந்தைகளுக்கு அம்மாவோ அப்பாவோதான் தமிழ் வாத்தியார்.

எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் சிக்கல் ஆரம்பம். எதை எழுதுவது? யாருக்காக? கட்டுரை நோட்டை வாத்தியாரைத் தவிர யாரும் படிப்பதில்லை. கடிதம் அப்படியல்ல. கும்பகோணத்திலோ கோவில்பட்டியிலோ அதைப் படிக்க ஒருவர் இருக்கிறார்.

தமிழ்ப் பாடங்களில் இதற்கு உறவுமுறைக் கடிதம் என்று பெயர். மேலே இடமும் நாளும், பிறகு விளி, செய்தி, 'இப்படிக்கு', உறைமேல் முகவரி. பத்து நிமிடத்தில் கற்றுவிடலாம். ஆனால் இந்தச் சட்டகத்தோடு பாடம் முடிந்தால், வகுப்பில் நாற்பது பேரும் எழுதுவது ஒரே கடிதம்தான். 'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கி, தேர்வுக்கு நன்றாகப் படிப்பதாகச் சொல்லி முடியும். அதைப் படிக்கும் பாட்டிக்குத் தன் பேத்தியைப் பற்றிப் புதிதாக ஒன்றும் தெரிந்திருக்காது.

உள்ளடக்கத்தை வரவழைக்கச் சில கேள்விகள் போதும். போன வாரம் நீ பார்த்ததில் பாட்டி பார்த்திராதது எது? ஜனவரிப் பனிமூட்டத்தில் எதிர் பிளாக் மறைந்துபோனதா? மே மாதத்தில் கூலருக்குத் தண்ணீர் ஊற்றியது யார்? பாட்டியிடம் கேட்க வேண்டியது என்ன? முதலில் குழந்தை வாயால் சொல்லட்டும். சொன்னதையே எழுதட்டும். 'வந்துட்டேன்' என்று எழுதினால் கடிதம் கெட்டுவிடாது. 'வந்துவிட்டேன்' என்பதை அடுத்த கடிதத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஒரே நாளில் ற, ர, ன, ண எல்லாவற்றையும் சிவப்பு மையால் திருத்தினால், இரண்டாவது கடிதமே வராது.

ஒரு குழந்தையை மனத்தில் வைத்து எழுதினால் கனமான விஷயமும் எளிதாகும் என்பதற்குத் தேசமறிந்த உதாரணம் ஜவாஹர்லால் நேரு. 1928 கோடையில் முசூரியில் இருந்த பத்து வயது மகள் இந்திராவுக்கு, பூமி தோன்றியதையும் மனிதன் தோன்றியதையும் கடிதங்களாக எழுதினார். 1929இல் அவை புத்தகமாயின. தமிழில் மு. வரதராசனும் 'தம்பிக்கு', 'தங்கைக்கு', 'நண்பர்க்கு' என்று கடித வடிவிலேயே நூல்கள் எழுதினார். பெறுபவர் யார் என்று தலைப்பிலேயே தெரிந்துவிடுகிறது.

முகவரி எழுதுவது தனிப் பாடம். முனிர்காவின் பின்கோடு 110067, கும்பகோணத்துக்கு 612001. முதல் எண் ஏன் மாறுகிறது என்று குழந்தை கேட்கும். 1972 ஆகஸ்ட் 15 முதல் நடப்பில் உள்ள இந்த முறையில் 1 என்றால் தில்லி உள்ளிட்ட வட பகுதி, 6 என்றால் தமிழ்நாடும் கேரளமும் என்று விளக்கினால், பாட்டி வீடு எவ்வளவு தூரம் என்பது ஆறு எண்களிலேயே புரியும்.

கடிதமே மறைந்துவரும் காலத்தில் இது வீண் வேலையா? டென்மார்க்கில் 400 ஆண்டுகளாக நடந்த அரசு அஞ்சலின் கடித விநியோகம் 2025 டிசம்பரோடு நின்றது உண்மைதான். ஆனால் இந்திய அஞ்சல் துறை 2017இல் தொடங்கிய 'டாய் ஆக்கர்' கடிதப் போட்டியில் 18 வயது வரையிலான சிறுவர்களுக்குத் தனிப் பிரிவே உண்டு. தமிழிலும் எழுதலாம். கையால்தான் எழுத வேண்டும். பெயருக்கு இரண்டரை எழுத்து என்று பொருள். இந்தியில் 'பிரேம்' என்ற சொல்லுக்கு அத்தனை எழுத்து. உலக அஞ்சல் ஒன்றியம் 1971 முதல் இளையோருக்காகச் சர்வதேசக் கடிதப் போட்டி நடத்துகிறது. டிஜிட்டல் உலகில் மனித உறவு ஏன் முக்கியம் என்று நண்பருக்குக் கடிதம் எழுதச் சொல்வதே 2026ஆம் ஆண்டுத் தலைப்பு.

பரிசு சிலருக்குத்தான் கிடைக்கும். பதில் எல்லோருக்கும் கிடைக்கலாம். பெரியவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். கடிதம் கிடைத்ததும் போனில் 'வந்தது கண்ணு, நல்லா எழுதியிருக்கே' என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். குழந்தைக்குத் தேவை தன் பெயர் எழுதிய ஓர் உறை. அதில் தான் கேட்ட கேள்விக்குப் பதிலும், பாட்டி கேட்கும் புதிய கேள்வி ஒன்றும் இருக்க வேண்டும். அதைப் படிக்கவும் தமிழ் வேண்டும், பதில் எழுதவும் தமிழ் வேண்டும். முனிர்காவில் யாரும் வற்புறுத்தாமலேயே இரண்டாவது கடிதம் எழுதப்படும்.