ஏழாவது ஃப்ரெட்டில் ஒரு கவ்வி

பாடகர் இரண்டரைக் கட்டைதான் தோது என்று சொல்லிவிட்டால் கிட்டார்காரர் முகம் சற்றுச் சுருங்கும். அந்தச் சுருதியில் அடிக்கடி வரும் டி ஷார்ப், ஜி ஷார்ப், ஏ ஷார்ப் மூன்றுமே பார் கார்டுகள். ஆள்காட்டி விரலைக் கம்பிகளின் குறுக்கே படுக்கவைத்து அழுத்திக்கொண்டே வாசிக்கவேண்டும். நாலு பாட்டு போனால் மணிக்கட்டு கெஞ்சும். கேப்போ என்ற சிறு கவ்வியை, கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் முதலாவதில் மாட்டினால் இந்தத் தொல்லை இல்லை. டி, ஜி, ஏ என்று முதல் மாதத்தில் கற்ற கார்டுகளையே பிடிக்கலாம். எல்லாம் அரைக் கட்டை ஏறி ஒலிக்கும்.

கம்பி குறுகினால் அதிர்வு வேகமாகும், அவ்வளவுதான் சங்கதி. ஒரு ஃப்ரெட் ஏறினால் அதிர்வெண் ஏறக்குறைய 6 சதவீதம் கூடும். 12 ஃப்ரெட் ஏறினால் இரட்டிக்கும். ஒவ்வொரு முறையும் மிச்சமிருக்கும் நீளத்தில்தான் பங்கு குறைகிறது என்பதால் ஃப்ரெட்டுகள் போகப்போக நெருங்குகின்றன. கம்பி நீளம் 648 மி.மீ. உள்ள கிட்டாரில் முதல் கட்டத்தின் அகலம் 36 மி.மீ.; பன்னிரண்டாவது கட்டம் 19 மி.மீ.தான்.

கேப்போவால் சுருதியை ஏற்ற மட்டுமே முடியும். ஆனாலும் ஒரு கட்டையில், அதாவது 'சி'யில் இருக்கும் பாட்டை அரைக் கட்டை இறக்க வழி உண்டு: இரண்டாவது ஃப்ரெட்டில் மாட்டி, ஏ, டி, இ கார்டுகளைப் பிடித்தால் பாட்டு 'பி'யில் வந்து நிற்கும்.

இதைச் சோம்பேறிகளின் கருவி என்று இளக்காரம் செய்பவர்கள் உண்டு. ஸ்பெயினின் ஃபிளமென்கோ கலைஞர்கள் பாடுபவர் குரலுக்கேற்ப இதை நகர்த்திக்கொள்வார்கள். அவர்களிடம் போய் அப்படிச் சொல்லிப் பார்க்கட்டும். பீட்டில்ஸின் ஜார்ஜ் ஹாரிசன் 1969-இல் 'ஹியர் கம்ஸ் தி சன்' பாட்டை வாசித்தது 'ஏ' ஸ்கேலில். கிட்டாரில் ஆக எளிய ஸ்கேல்களில் அதுவும் ஒன்று, கேப்போவே தேவையில்லை. அவரோ ஏழாவது ஃப்ரெட்டில் கேப்போ மாட்டி, 'டி' வடிவக் கார்டைப் பிடித்தார். அங்கே கம்பி மூன்றில் இரண்டு பங்காகிறது. சட்ஜமம் இருந்த இடத்தில் பஞ்சமம் பேசுகிறது. விரல் படாத கம்பிகள் உயரத்தில் கணீரென்று தொடர்ந்து ஒலிக்க, மெட்டு அவற்றின் நடுவே ஓடுகிறது. அந்தப் பளபளப்புக்காகவே கேப்போ. சுருதி மாற்றுவது அங்கே இரண்டாம்பட்சம்.

தொல்லையும் இல்லாமல் இல்லை. கவ்வி இறுக்கிப் பிடித்தால் கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். தளர்வாக இருந்தால் கம்பி கரகரக்கும். ஃப்ரெட் கம்பியை ஒட்டி, அதன் பின்னால் மாட்டுவது உத்தமம். மாட்டியதும் ஒருமுறை சுருதி பார்க்கவேண்டும். அப்படித் திருத்திய சுருதி கேப்போவைக் கழற்றியதும் நிற்காது. அடுத்த பாட்டுக்கு முன் மறுபடி முறுக்காணியில் கை வைக்கவேண்டியதுதான்.