தாரணை (யோகம்)

தாரணை என்பது மனத்தை ஒரே இடத்திலோ ஒரே பொருளிலோ நிலைநிறுத்தும் யோகப் பயிற்சியாகும். பதஞ்சலியின் யோக சூத்திரம் கூறும் எட்டு உறுப்புகளுள் இது ஆறாவது. இயமம், நியமம், ஆசனம், பிராணாயாமம், பிரத்தியாகாரம் ஆகியவை இதற்கு முன்னும், தியானம், சமாதி ஆகியவை பின்னும் வருகின்றன. தமிழில் திருமூலரின் திருமந்திரம் மூன்றாம் தந்திரத்தில் தாரணையைத் தனித் தலைப்பில் விளக்குகிறது.

நூல்கள் கூறுவன

யோக சூத்திரத்தின் மூன்றாம் பாதம் தாரணையின் இலக்கணத்துடன் தொடங்குகிறது. இந்நூலுக்கு வியாசர் பெயரில் வழங்கும் உரை, மனத்தை ஊன்றும் இடங்களாக உந்தி, இதயம், மூக்கு நுனி, நாக்கு நுனி முதலியவற்றைக் குறிப்பிடுகிறது, புறப்பொருளையும் ஏற்கிறது. மனத்தின் நிலைகள் ஐந்து என்றும் அவ்வுரை கூறும்: அலைபாய்வது, மயங்கிக் கிடப்பது, சற்று நிலைத்துப் பின் சிதறுவது, ஒருமுகப்பட்டது, முற்றும் அடங்கியது.

தியானத்திலிருந்து வேறுபாடு

தாரணையில் கவனம் அறுபடும், மீண்டும் கொண்டுவரப்படும். தியானத்தில் அது அறுபடாமல் ஓடும். முன்னதற்குச் சொட்டுச் சொட்டாக விழும் நீரையும், பின்னதற்கு எண்ணெய் ஒழுக்கையும் உவமையாகக் கூறுவர்.

எளிய பயிற்சி

1. முதுகை நிமிர்த்தி, உடலைத் தளர்த்தி அமரவும்.
2. இயல்பான மூச்சில், ஒவ்வொரு வெளிமூச்சையும் 1 முதல் 10 வரை எண்ணவும்.
3. எண்ணிக்கை தவறினால் வருந்தாமல் மீண்டும் 1 இலிருந்து தொடங்கவும்.
4. முதலில் நாள்தோறும் 5 நிமிடம் போதும்.

சுடரை இமைக்காமல் நோக்கும் திராடகம் அட யோக நூல்களில் தூய்மைப் பயிற்சியாகக் கூறப்படுகிறது. கண்நோய், வலிப்பு உடையோர் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது.

அன்றாட வாழ்வில்

மனம் சிதறுவதைக் கண்டு, "எனக்குக் கவனமே வராது" எனப் பல மாணவர்கள் பயிற்சியைக் கைவிடுகின்றனர். இது தவறான முடிவு. சிதறல் எல்லோருக்கும் இயல்பு. சிதறியதை உணர்ந்து திரும்புவதே பயிற்சி. பத்து முறை திரும்பினால் பத்து முறை பயின்றதாகக் கொள்ளலாம்.

படிக்கும்போது கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிட்டு, ஒரு பாடத்தை மட்டும் 20 நிமிடம் படிக்கலாம். நடுவில் வேறு நினைவு வந்தால் அதை ஒரு தாளில் குறித்துவிட்டு, விட்ட வரிக்கே திரும்ப வேண்டும். ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவினால் முந்தைய வேலையின் நினைவு சிறிது நேரம் மனத்தில் தங்கிக் கவனத்தைக் குறைக்கும். உண்ணும்போதும், பிறர் பேசக் கேட்கும்போதும் அந்த ஒன்றில் மட்டும் மனம் வைப்பதும் தாரணைக்கு நல்ல பழக்கமே.