ஒரு படிவம், நான்கு பதிவேடுகள்

லுணுகலையில் கடை நடத்தும் எனக்கு, ஒருவர் கடனுக்கு ஒரு மூடை மா வாங்கினால் நான்கு இடங்களில் எழுத வேண்டும்: வாடிக்கையாளர், பில், சரக்கிருப்பு, கடன். கணினியில் இவை நான்கும் தனித்தனி அட்டவணைகள். 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் கொட் முன்வைத்த முறை இது. ஒரு விபரம் ஓரிடத்தில் மட்டுமே இருக்கும். மற்ற இடங்களில் அதன் இலக்கம் மட்டும் போகும்.

இணையப் படிவம் ஒன்றை நிரப்பி அனுப்பியதும் முதலில் வாடிக்கையாளர் பதிவாகி அவருக்கு ஓர் இலக்கம் கிடைக்கும். அந்த இலக்கத்துடன் பில்லும், பில் இலக்கத்துடன் சாமான்களும் கடனும் பதிவாகும். இந்த வரிசை மாறக்கூடாது.

இடையில் கரண்ட் போனால்? சரக்கு குறைந்திருக்கும், கடன் ஏறியிருக்காது. நட்டம் நமக்குத்தான். ஆகவே நான்கையும் ஒரே கட்டாகக் கட்ட வேண்டும். எல்லாம் பதிந்தால் 'கொமிட்'. ஒன்று தவறினாலும் 'ரோல்பெக்', அதாவது முழுவதும் ரத்து.

மைஎஸ்கியூஎல்லின் பழைய மைஐசாம் அட்டவணைகளில் இவ்வசதி இல்லை. 2010இல் வந்த 5.5 பதிப்பு முதல் வழமையாகக் கிடைக்கும் இன்னோடிபியில் உண்டு.

மென்பொருள் வாங்கும்போது, கடன் பதிவில் வேண்டுமென்றே பிழை வைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்போதும் சரக்கு குறைந்தால் காசு கொடுக்காதீர்கள்.