பூமிச் சூட்டில் காய்ந்த வெங்காயம்

பச்சை வெங்காயத்தை இருப்பு வைத்தால் அழுகும். அவசரத்துக்கு விற்றால் விலை கிடைக்காது. காய வைத்தால் தாங்கும். ஆனால், எரிபொருள் செலவு?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், பிராடி வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 1978-ல் தொடங்கிய வெங்காய ஆலை, அந்தச் சூட்டைப் பூமியிடமே வாங்கியது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து சுமார் 130 டிகிரி செல்சியஸில் வந்த வெந்நீரைக் குழாய்ச் சுருளில் ஓடவிட்டார்கள். சுருளின் மேல் விசிறிக் காற்றை ஊதியதும் காற்று சூடேறியது. நகரும் பட்டையில் பரப்பிய வெங்காயச் சீவல்கள் அந்தக் காற்றில் காய்ந்தன. 80 சதவிகிதத்துக்கு மேல் இருந்த ஈரப்பதம், சுமார் 5 சதவிகிதமாக இறங்கியது. வெந்நீர் வெங்காயத்தைத் தொடவில்லை, புகையும் படவில்லை.

வெந்நீரை வெகுதூரம் கொண்டுபோனால் சூடு ஆறிவிடும். அதனால்தான் ஊற்று இருக்கும் இடத்துக்கே ஆலை போனது. காய்ந்த சீவலை ஈரம் புகாமல் கட்டி வைத்தால், மாதக்கணக்கில் கெடாது; விலை வரும்வரை காத்திருக்கலாம்.